‘பை’ என்னும் ஆங்கில வினை: வாங்குதலும் மீட்டலும்



ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளை முதலாண்டிலேயே கற்றுக்கொள்ளும் வினைச்சொற்களுள் ஒன்று ‘பை’. பி, யு, வை என்ற மூன்றே எழுத்துகள். பொருள், வாங்குதல். கடைக்குப் போனோம், காசு கொடுத்தோம், பாண் வாங்கினோம். இதற்கு மேல் இச்சொல்லில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று உங்களுட் சிலர் கேட்கலாம். கை மாறிக் கை மாறி வரும் நாணயத்தில் முத்திரை தேய்ந்து போகிறது. அன்றாடம் புழங்கும் சொற்களின் நிலையும் அதுதான். தேய்ந்த முத்திரையைச் சற்று வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தால் ஒரு சமுதாயத்தின் பழைய வழக்கங்கள் அதிலே தெரியும். இன்று அவ்வாறு ‘பை’ என்ற வினையின் பொருள்களையும் பிறப்பையும் நோக்குவோம். கூடவே, அதன் சுற்றத்தவராகிய ‘சீப்’, ‘செல்’, ‘பே’, ‘பேர்ச்சஸ்’ ஆகிய சொற்களையும் ஒரு தடவை விசாரித்து வருவோம்.

முதலில், இன்றைய வழக்கில் இச்சொல் எத்தனை வேலை செய்கிறது என்று பார்ப்போம். பணம் கொடுத்து ஒரு பொருளைத் தனதாக்குதல் என்பது அதன் தலையாய பொருள். ‘எ குட் பை’ என்று பெயர்ச்சொல்லாக நிற்கும்போது, கொடுத்த காசுக்குப் பெறுமதியான பொருள் என்று கருத்து. ‘ஓஃப்’ என்ற சொல்லோடு சேர்ந்தால் கைக்கூலி கொடுத்து ஒருவரின் வாயை அடைத்தல். ‘அவுட்’ என்ற சொல்லோடு சேர்ந்தால் பங்காளியின் பங்கு முழுவதையும் வாங்கி அவரை வணிகத்திலிருந்து விலக்குதல். நேரத்தையும் ஆங்கிலேயர் ‘வாங்குவர்’. தவிர்க்க முடியாத ஒன்றைத் தந்திரமாகச் சிறிது தள்ளிப்போடுதல் அதன் பொருள். பேச்சுவார்த்தைகள் இழுபடும் காலங்களில் அரசியற் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணிற் படும் தொடர் இது.

இன்னொரு பொருள் சற்று வியப்பானது. ஒருவர் ஒரு கதை சொல்கிறார். கேட்பவர், ‘அதை நான் வாங்கமாட்டேன்’ என்கிறார். அதாவது, ‘நான் அதை நம்பமாட்டேன்’. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கப் பேச்சு வழக்கிலே தோன்றிப் பின்னர் ஆங்கிலம் பேசும் நாடுகளெங்கும் பரவிய வழக்கு இது. சொல்பவன் விற்பவனாகவும் நம்புபவன் வாங்குபவனாகவும் ஆகிவிட்டார்கள். விளம்பர யுகம் தந்த பொருள் என்று இதைச் சொல்லலாம்.

மற்றொன்று துயரமானது. பிரித்தானியப் படையினரின் கொச்சை வழக்கில், ‘அவன் அதை வாங்கிவிட்டான்’ என்றால் போரில் இறந்துவிட்டான் என்று பொருள். உலகப் போர்க் காலத்து விமானிகளிடையே இது பெரிதும் வழங்கிற்று. மரணம் என்ற சொல்லை வாயால் உச்சரிக்க விரும்பாதவர்கள் கடைத்தெருச் சொல் ஒன்றை அதன் மேற் போர்த்திப் பேசினார்கள்.

பழைய மரபுத்தொடர் ஒன்றும் உண்டு. சாக்குக்குள் இருக்கும் பன்றியை வாங்குதல் என்பது அது. சாக்கை அவிழ்த்துப் பாராமல் விற்பவன் சொன்னதை நம்பி வாங்குபவனைக் குறிக்கும். பிரெஞ்சுக்காரர் இதே கருத்துக்குச் சாக்குப் பூனையைச் சொல்வார்கள். பன்றிக்குட்டி என்று நம்பி வாங்கி, வீட்டில் அவிழ்த்தால் உள்ளே பூனை!

நம்புதல், விலக்குதல், தள்ளிப்போடுதல், மடிதல். ஒரு சிறிய கடைத்தெரு வினைக்கு இவ்வளவு கிளைகள் எங்கிருந்து வந்தன? இவற்றுட் பல அண்மைக் காலத்தவை. ஆனால், விலை கொடுத்தல் என்ற செயலை மனித உயிரோடும் மனித விதியோடும் இணைத்துப் பேசும் போக்கு மட்டும் அண்மைக் காலத்ததன்று. அது இச்சொல்லின் வேரிலேயே இருக்கக்கூடியது. அதைக் காண, சொல்லின் வரலாற்றுக்குள் இறங்க வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லின் வடிவம் ஏறக்குறைய ‘பிஜ்ஜன்’ என்பது. அதன் முதல் உயிர், இதழைக் குவித்துக்கொண்டு இகரத்தை ஒலிப்பது போன்ற ஓர் ஒலி. ‘அவன் வாங்குகிறான்’ என்று சொல்லும்போது நடுவிலுள்ள ஜகரம் மறைந்து யகரமாகும். காலப்போக்கில் ஜகரம் உடைய வடிவங்கள் வழக்கொழிந்தன. யகரம் உடைய வடிவமே நிலைத்தது. சொல்லுதலைக் குறிக்கும் ‘சே’, கிடத்துதலைக் குறிக்கும் ‘லே’ ஆகிய வினைகளும் இதே வழியில் வந்து சேர்ந்தவைதான்.

அப்படியானால் எழுத்திலே ‘யு’ எப்படி நுழைந்தது? ஒலிக்கும்போது அதற்கு வேலையே இல்லையே! இது பலரையும் மயக்குகின்ற கேள்வி. விடை இங்கிலாந்தின் வட்டார வழக்குகளில் இருக்கிறது. அந்த இதழ்குவி இகரம் மேற்குப் பகுதிகளிலே நெடுங்காலம் மாறாமல் இருந்தது. அங்குள்ளவர்கள் அதை ‘யு’ என்ற எழுத்தால் எழுதினார்கள். வடக்கிலும் கிழக்கு மத்திய பகுதிகளிலும் அது வெறும் இகரமாயிற்று. தென்கிழக்கே கென்ற் பகுதியில் எகரமாயிற்று. பொது ஆங்கிலம் உருவானபோது இச்சொல்லின் எழுத்து மேற்கிலிருந்து வந்தது. ஒலி கிழக்கிலிருந்து வந்தது. பின்னர் ஆங்கில நெட்டுயிர்கள் பெருமளவில் இடம் மாறிய காலத்தில் அந்த ஈகாரம் ஐகாரமாகி, இன்றைய ‘பை’ கிடைத்தது. வேலை மிகுதியைக் குறிக்கும் ‘பிசி’, புதைத்தலைக் குறிக்கும் ‘பெரி’ ஆகியவற்றிலும் ‘யு’ ஒருவிதமாக எழுதப்பட்டு வேறுவிதமாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திட்டித் தீர்க்கும் மாணவர்கள், அதன் பின்னால் வட்டாரங்களின் வரலாறு இருப்பதை அறிந்தால் சற்று மன்னிக்கக்கூடும்.

இறந்தகால வடிவமாகிய ‘போட்’ என்பதிலே ஜி, எச் என்ற இரண்டு எழுத்துகள் ஊமையாய் நிற்கின்றன. இவை ஒருகாலத்தில் வாய் திறந்து பேசியவை. பழைய ஆங்கிலத்தில் அது ‘பொஹ்தெ’. நடுவில் உள்ள ஒலி தொண்டையிலிருந்து உரசி எழுவது. நமது ஆய்தத்தை ஓரளவு நினைவூட்டுவது. இங்கிலாந்தில் அந்த ஒலி மறைந்து நூற்றாண்டுகள் ஆகின்றன. ஸ்கொத்லாந்து வழக்கில் அது இன்னும் கேட்கிறது. கொண்டுவருதலைக் குறிக்கும் வினையின் இறந்தகால வடிவம் இதனோடு ஓர் ஆர் எழுத்தால் மட்டுமே வேறுபடும். அதனால் நம் பிள்ளைகள் ‘வாங்கினேன்’ என்பதற்குக் ‘கொண்டுவந்தேன்’ என்று எழுதிச் சிவப்பு மையை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.

இனி இச்சொல்லின் உறவினரைத் தேடுவோம். ஆங்கிலம் ஜேர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி. அக்குடும்பத்தில் மிகப் பழைய பெரிய எழுத்துச் சான்று கோதிக் மொழியில் உள்ளது. கி.பி. 4ஆம் நூற்றாண்டில் வுல்பிலா என்ற ஆயர் விவிலியத்தைக் கோதிக் மொழியில் ஆக்கினார். அதன் புகழ்பெற்ற ஏட்டுப் பிரதி ஒன்று, ஊதா நிறத் தோலில் வெள்ளி எழுத்துகளால் எழுதப்பட்டது, இன்று சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் இருக்கிறது. ஐயாயிரம் பேருக்கு உணவளித்த கதையிலே, இவர்களுக்கு அப்பம் எங்கே வாங்குவது என்று கேட்கப்படும் இடத்தில் வரும் கோதிக் வினை ‘புக்யன்’. நமது ‘பை’ வினையின் உடன்பிறப்பு அது. பழைய நோர்ஸ் மொழியில் உள்ள உறவுச்சொல், குத்தகைக்கு விடுதல், கடனாகக் கொடுத்தல் என்ற பொருள்களைத் தரும்.

இங்கே ஒரு புதுமை. இன்றைய ஜேர்மன், டச்சு, சுவீடிஷ், டேனிஷ் மொழிகளில் வாங்குதலுக்கு இந்தச் சொல் இல்லை. ஜேர்மனியர் ‘கவ்ஃபன்’ என்பர். டச்சுக்காரர் ‘கோப்பன்’ என்பர். இவை வேறு வேரிலிருந்து வந்தவை. சிறுவியாபாரி, சத்திரக்காரன் என்ற பொருளுடைய ‘கவ்ப்போ’ என்ற இலத்தீன் சொல்லே அவற்றுக்கு மூலம். உரோமர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்ட ஜேர்மானியக் குடிகள் பண்டத்தோடு சொல்லையும் வாங்கின. டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பன்ஹேகன் என்ற பெயரில் இருப்பதும் அதே சொல்தான். வணிகர் துறைமுகம் என்பது அப்பெயரின் பொருள்.

ஆங்கிலமும் அந்த இலத்தீன் சொல்லைப் பெற்றுக்கொண்டது. ஆனால், தன் பழைய வினையைக் கைவிடவில்லை. வந்த சொல்லுக்கு வேறு வேலை கொடுத்தது. பழைய ஆங்கிலத்தில் வணிகம், பேரம், சந்தை என்ற பொருளில் வழங்கிய அந்தச் சொல்லே இன்றைய ‘சீப்’. நல்ல பேரம் என்ற கருத்தில் ‘குட் சீப்’ என்று சொல்லிச் சொல்லி, முன்னிருந்த ‘குட்’ உதிர்ந்து, பேரம் என்ற பெயர்ச்சொல் மலிவு என்ற பெயரடையாயிற்று. பின்னர் மலிவு என்பது மட்டம் என்ற இழிபொருளையும் பெற்றது. இலண்டனிலுள்ள ‘சீப்சைட்’ தெரு பழைய சந்தைத் தெரு. ‘சப்’ என்று நண்பனைச் செல்லமாகச் சொல்வார்களே, அது ‘சப்மன்’ என்ற சொல்லின் குறுக்கம். சப்மன் என்றால் வியாபாரி.

இவ்விரு சொற்களும் அருகருகே நிற்கும் ஓர் இடம் ஆங்கில மொழியின் வாசலிலேயே இருக்கிறது. கென்ற் நாட்டரசன் எத்தல்பேர்ட் கி.பி. 600ஐ அண்டிச் சட்டத் தொகுப்பு ஒன்றை எழுதுவித்தான். ஆங்கில மொழியில் எழுதப்பட்டதாக நமக்குத் தெரிந்த முதற் சட்ட நூல் அது. 12ஆம் நூற்றாண்டில் ரொச்செஸ்டர் நகரில் எழுதப்பட்ட ஏட்டின் மூலம் அது பிழைத்து வந்தது. அதில் ஒரு விதி: ஒருவன் ஒரு கன்னியை விலை கொடுத்துப் பெற்றால், அதில் வஞ்சகம் இல்லையெனில் அந்தப் பேரம் செல்லும். வஞ்சகம் இருந்தால் அவளைத் திரும்ப அவள் வீட்டுக்கு அனுப்பி, கொடுத்த பணத்தைத் திரும்பப் பெறலாம். அங்கே பெறுதலைச் சொல்லும் வினை ‘பை’ வினையின் முன்னோர். விலையைச் சொல்லும் பெயர் ‘சீப்’ சொல்லின் முன்னோர். எழுதப்பட்ட ஆங்கிலத்தின் தொடக்கத்திலேயே இச்சொல்லின் செயப்படுபொருளாக ஒரு பெண் நிற்கிறாள்.

இது நேரான விற்பனை அன்று, மணப்பெண்ணின் பாதுகாப்புக்காகக் கொடுக்கப்பட்ட ஈடு என்று விளக்கம் கூறும் வரலாற்றாசிரியர்களும் உளர். அவ்விளக்கத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால், சட்டம் அதைச் சொல்லக் கையாண்ட மொழி சந்தையின் மொழி என்பதை மறுக்க முடியாது. இந்த நிழல் மிக நீண்டது. தோமஸ் ஹார்டி 1886இல் வெளியிட்ட ‘காஸ்டர்பிரிட்ஜ் நகர மேயர்’ என்ற நாவலை நம்மவர் பலர் பாடநூலாகவும் படித்திருப்பர். குடிவெறியில் ஹென்சார்ட் என்ற கூலியாள் சந்தைக் கூடாரம் ஒன்றில் தன் மனைவியை ஐந்து கினிக்கு ஒரு மாலுமியிடம் விற்றுவிடுகிறான். எத்தல்பேர்ட்டின் சட்டத்துக்கும் ஹார்டியின் நாவலுக்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல். வினை மாறவில்லை, ஆனால், அந்த விற்பனையைப் பெரும்பிழையாகக் கண்டு, அதற்காக ஒருவன் வாழ்நாளெல்லாம் விலை கொடுப்பதை எழுதும் மனச்சாட்சி வந்துவிட்டது.

சரி, ‘புக்யன்’, ‘பிஜ்ஜன்’ என்பவற்றுக்கு அப்பாலுள்ள வேர் எது? அகராதிகள் இங்கே தயங்குகின்றன. ஜேர்மானியக் குடும்பத்துக்கு வெளியே இதன் மூலம் உறுதிப்படவில்லை என்றே பல அகராதிகள் சொல்லும். ஆயினும் கவனத்துக்குரிய ஒரு கருத்து உண்டு. எமீல் பென்வெனிஸ்த் என்ற பிரெஞ்சு மொழியியலறிஞர், இந்தோ-ஐரோப்பிய மக்களின் சமூக நிறுவனங்களை அவர்தம் சொற்கள் வழியே ஆராய்ந்து 1969இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். வளைத்தல், கட்டவிழ்த்தல் என்ற பொருளுடைய ஒரு பழைய வேரோடு இவ்வினையை அவர் இணைத்தார். பழைய ஈரானிய மொழியில் அவ்வேரிலிருந்து விடுவித்தல் என்ற பொருள் வந்துள்ளது. ஆகவே, வாங்குதல் என்பது முதலிலே சிறைப்பட்ட ஒருவரை விலை கொடுத்து விடுவித்தல் என்ற பொருளில் தோன்றியிருக்கலாம் என்பது அவர் கருத்து. பண்டத்தை வாங்குவதற்கு முன் மனிதரை வாங்கினார்கள். அதனால்தான் இச்சொற்களின் அடியில் மனிதர் இருக்கிறார்கள் என்கிறார்.

இது முடிந்த முடிபன்று. இருந்தாலும் கோதிக் விவிலியம் இதற்குச் சாதகமான சாட்சி ஒன்றைத் தருகிறது. ‘வெளியே’ என்ற பொருளுடைய முன்னொட்டைச் சேர்த்தால் அதே ‘புக்யன்’ வினை விலை கொடுத்து மீட்டலைக் குறிக்கிறது. மீட்புப் பணம் என்பதற்கான கோதிக் சொல்லும் இவ்வினையிலிருந்தே பிறந்தது. பழைய ஆங்கிலத்திலும் ஒரு முன்னொட்டைப் பெற்று, செய்த தீங்குக்கு ஈடு செலுத்துதல் என்ற பொருளில் இவ்வினை வழங்கிற்று. ‘அபை’ என்ற அந்தச் சொல், செய்த வினைக்குரிய தண்டனையை அனுபவித்தல் என்ற பொருளில் ஸ்பென்சர் என்ற கவிஞரின் காலம் வரை இலக்கியத்தில் உயிரோடு இருந்தது.

கிரேக்கத்திலும் வடமொழியிலும் வாங்குதலுக்கு வேறொரு வேர். வடமொழியில் அது ‘க்ரீ’. அதிலிருந்து வந்ததே நாம் காணி உறுதிகளில் எழுதும் ‘கிரயம்’ என்ற சொல். கிரேக்கத்தில் இதன் உறவாகிய வினை ஹோமரின் ‘ஒடிசி’ காப்பியத்தில் வருகிறது. ஒடிசியசின் செவிலித்தாய் யூரிக்ளியா. அவளை இளம் வயதில் அவனுடைய தந்தை இருபது எருதுகளின் பெறுமதி கொடுத்துப் பெற்றார் என்று கவிஞர் கூறுமிடத்தில் அந்த வினையைக் காணலாம். இங்கும் வாங்கப்படுவது மனிதப் பிறவி. நமது கிரயப் பத்திரத்துக்கும் யூரிக்ளியாவின் அடிமைத்தனத்துக்கும் ஒரே சொல்வேர் என்பது சிந்திக்க வைக்கும் செய்தி.

இலத்தீனில் வாங்குதலுக்குரிய ‘எமெரெ’ என்ற வினையின் பழம்பொருள் எடுத்தல் என்பதே. எடுப்பது என்ற பொருள் விலை கொடுத்து எடுப்பது என்று சுருங்கிற்று. அதிலே ‘மீண்டும்’ என்ற முன்னொட்டைச் சேர்த்தபோது ‘ரிடீம்’, அதாவது மீட்டல் பிறந்தது. கிறித்தவர்கள் மீட்பர் என்று போற்றும் சொல்லின் ஆங்கில வடிவமும், அடகு வைத்த நகையை மீட்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ஒன்றே. நம் தமிழிலும் நகையை மீட்கிறோம், பாவத்திலிருந்தும் மீட்கப்படுகிறோம். ஆன்மிகமும் அடகுக்கடையும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொள்வதில் இழிவு எதுவுமில்லை. பிறர் கையிற் போனதைத் திரும்பப் பெறும் துயரும் ஆறுதலும் இரண்டிலும் உண்டு.

தமிழ் வினையையும் இங்கே ஒப்பு நோக்கலாம். ‘வாங்கு’ என்பதன் பழைய பொருள்களுள் வளைதலும் இழுத்தலும் அடங்கும். வில்லை வாங்குதல் என்றால் நாணை இழுத்து வில்லை வளைத்தல். பின்வாங்குதல், மூச்சு வாங்குதல் என்பவற்றில் அந்த இழுத்தற் பொருள் இன்றும் இருக்கிறது. தன் பக்கம் இழுத்தல் என்பதிலிருந்து பெறுதல் வந்தது. பெறுதலிலிருந்து விலை கொடுத்துப் பெறுதல் வந்தது. பென்வெனிஸ்த் காட்டிய வேரிலும் வளைத்தல் வருகிறதே என்று யாரும் இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம். இது தற்செயல் ஒற்றுமை. மொழிக் குடும்பங்கள் வேறு. நம் பள்ளிக்கூடத்து ‘வாங்கு’ கூட வேறு. இருக்கையாகிய அது போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்தது. நாணயம் மாற்றுவோர் வைத்திருந்த அத்தகைய வாங்கின் பெயரிலிருந்தே ‘பாங்க்’ என்ற சொல்லும் பிறந்தது.

‘கொள்’ என்ற நம் வினை இலத்தீன் வினையைப் போன்றது. எடுத்தல், ஏற்றல் என்ற பொருளிலிருந்து கொள்வனவு வந்தது. அதே வினை திருமணத்துக்கும் ஆகும். கொண்டவன் என்றால் கணவன். கொள்வினை கொடுப்பினை என்று இரு குடும்பங்களின் மண உறவைச் சொல்கிறோம். பழி வாங்குகிறோம், பெயர் வாங்குகிறோம், வில்லங்கத்தை விலை கொடுத்து வாங்குகிறோம். ஆங்கிலேயன் ‘அபை’ என்று சொன்னதை நாம் வேறு சொற்களில் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறோம்.

வாங்குதலின் துணைவினைகளிலும் இத்தகைய பழமை உண்டு. விற்றலைக் குறிக்கும் ‘செல்’ பழைய ஆங்கிலத்தில் வெறுமனே கொடுத்தல். அன்றன்று வேண்டிய அப்பத்தைத் தாரும் என்ற மன்றாட்டில் பழைய ஆங்கிலேயர் பயன்படுத்திய வினை இதுவே. இறைவனிடம் இலவசமாகக் கேட்ட வினை காலப்போக்கில் காசுக்கு விற்கும் வினையாயிற்று. செலுத்துதலைக் குறிக்கும் ‘பே’, சமாதானம் என்று பொருள்படும் இலத்தீன் ‘பாக்ஸ்’ வழியாக வந்தது. கடன் கொடுத்தவனைச் சமாதானப்படுத்துதலே அதன் முதற்பொருள். வாசலில் வந்து நிற்கும் கடன்காரரைக் கண்டவர்களுக்கு இச்சொற்பிறப்பை விளக்கத் தேவையில்லை.

‘பேர்ச்சஸ்’ இவற்றுள் அலங்காரமானது. அலுவலகங்களும் சட்டமும் விரும்பும் சொல். பிரெஞ்சிலிருந்து வந்தது. துரத்துதல், வேட்டையாடுதல் என்ற பொருளுடைய ‘சேஸ்’ அதனுள் இருக்கிறது. முயன்று தேடி அடைதல் என்பதே மூலப்பொருள். ஆங்கிலக் காணிச் சட்டத்தில் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. பரம்பரையாக வந்து சேராத எந்த ஆதனமும் ‘பேர்ச்சஸ்’ எனப்படும், அன்பளிப்பாகக் கிடைத்தாலுங்கூட. 18ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் பிளாக்ஸ்டன் இதற்கு ஈடாக நிலமானிய முறைச் சட்ட அறிஞர்கள் கையாண்ட சொல்லே ‘கொன்குவெஸ்ட்’ என்று கூறி, ‘கொன்கரர்’ என அழைக்கப்படும் முதலாம் வில்லியமின் பட்டத்தையும் அவ்வாறே விளக்குகிறார். பரம்பரைக்கு வெளியே ஆட்சியைத் தேடிக்கொண்டவன் என்பதே அதன் கருத்தாம்.

இந்தப் பாகுபாட்டைக் கேட்டதும் யாழ்ப்பாணத்துக் காணி வழக்குகளைக் கண்டவர்களுக்கு ஒரு சொல் நினைவுக்கு வந்திருக்கும். ஒல்லாந்தர் ஆட்சியில் கிளாஸ் ஈசாக்ஸ் என்ற அதிகாரி தொகுத்து 1707இல் முடித்த தேசவழமை, பெற்றோர் வழி வந்த ஆதனத்தை முதுசம் என்கிறது. கணவன் மனைவி உழைத்துச் சேர்த்ததைத் தேடியதேட்டம் என்கிறது. தேடு என்ற வினையிலிருந்து தேட்டம்; துரத்து என்ற வினையிலிருந்து ‘பேர்ச்சஸ்’. ஒன்றை மற்றொன்று பார்த்து எழுதியதன்று. வந்தது வேறு, தேடியது வேறு என்று பிரித்துப் பார்க்கும் மனித அனுபவம் இரண்டு மொழிகளிலும் ஒரே உருவகத்தைக் கண்டுபிடித்திருக்கிறது.

இறுதியாக, ‘பை’ என்ற வினையின் இரண்டு முகங்களையும் ஒரே வாழ்வில் காட்டிய ஒருவரைச் சொல்ல வேண்டும். ஒலௌடா எக்குவியானோ. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆபிரிக்கர். சிறுவனாக இருக்கும்போதே கடத்தப்பட்டதாகத் தம் வரலாற்றில் எழுதியவர். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு விற்கப்பட்டு, 1763இல் மொன்செராற் தீவில் றொபேட் கிங் என்ற வணிகரால் வாங்கப்பட்டார். வணிகக் கப்பலில் வேலை செய்துகொண்டே, மூன்று பென்சை முதலாகக் கொண்டு ஒரு கண்ணாடிக் குவளையை ஒரு தீவில் வாங்கினார். அடுத்த தீவில் அதை இரட்டிப்பு விலைக்கு விற்றார். அப்படி வாங்கியும் விற்றும், ஏமாற்றப்பட்டும் மீண்டும் சேர்த்தும், 1766இல் நாற்பது பவுணை எண்ணி வைத்துத் தம்மைத் தாமே வாங்கிக்கொண்டார். 1789இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றில் அந்த விடுதலைப் பத்திரத்தை முழுமையாகச் சேர்த்திருக்கிறார். அடிமை வியாபாரத்துக்கு எதிரான இயக்கத்தில் அந்நூல் பெரிதும் உதவிற்று. பிரித்தானியப் பேரரசில் அவ்வியாபாரம் 1807இல் சட்டத்தால் தடுக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடு இல்லை, 1797இல் இறந்துவிட்டார்.

இலக்கண நோக்கில் எக்குவியானோவின் வாக்கியத்தைப் பாருங்கள். எழுவாயும் அவரே, செயப்படுபொருளும் அவரே. சந்தையில் பண்டமாக நின்றவர், விலை கொடுத்த கணத்தில் மனிதராக எழுந்து நிற்கிறார். அது அவருக்கு வெற்றிதான். ஆனால், தனக்குப் பிறப்பிலேயே உரிய ஒன்றுக்கு ஒருவர் விலை கொடுக்க நேர்ந்ததே என்ற வெட்கம் அந்த வினையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை நாம் தூரத்து நாட்டுக் கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போக முடியாது. முதுசத்தையும் தேட்டத்தையும் வகுத்த தேசவழமைத் தொகுப்பிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் இருந்தது. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844இல்.

பென்வெனிஸ்த் சொன்னது சரியாயின், ‘பை’ என்பது கட்டுண்டவரை விடுவித்தல் என்ற பொருளோடு பிறந்த சொல். பின்னர் அதே சொல்லால் மனிதரைக் கட்டினார்கள். அதே சொல்லால் ஒருவர் தம்மை விடுவித்தும் கொண்டார். இன்று வாக்குகளும் வாய்களும் நேரமும் நம்பிக்கையும் வாங்கப்படுவதாகப் பேசுகிறோம். அப்படிப் பேசும் வேளைகளில், வாங்கப்படுவது யாருக்குரியது, விலையைக் கொடுப்பவர் யார் என்ற இரு கேள்விகளையும் கேட்டுக்கொள்வது நல்லது. எத்தல்பேர்ட்டின் பழைய சட்டங்கூடப் பேரத்தில் வஞ்சகம் இருக்கலாகாது என்றுதானே சொல்லிற்று.